தாத்தாவின் பதிவேடும் ஒரு மாதப் போரும்

அத்தை மகன் வீட்டை இடித்துக் கட்டப்போகிறான். பரணைக் காலி செய்ய ஆள் வேண்டும் என்று போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூர் ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தாத்தா வைத்திருந்த நகைப் பட்டறையின் சாமான்கள் முழுக்க அந்தப் பரணில்தான் கிடந்தன. 1998-இல் பட்டறையை மூடியபோது மூட்டை கட்டி ஏற்றியது, அப்படியே இருந்தது. இரண்டு ஊதுகுழல், கம்பி இழுக்கிற அச்சுத் தகடு, உடைந்த மூசைகள், ஓரம் தேய்ந்த உரைகல், மூடியில் பல்லி முட்டை ஒட்டிய தராசுப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு தீப்பெட்டி நிறையக் குன்றிமணி.

கடைசியாக ஒரு தகரப் பெட்டி. மஞ்சள் துணியில் சுற்றிய பதினொரு நோட்டுகள் அதில் இருந்தன. வரவு செலவுக் கணக்காக இருக்கும் என்று பிரித்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுப் பத்திகள்: தேதி, கொண்டுவந்தவர் பெயர், ஊர், கொண்டுவந்த நகை, எடை, செய்யச் சொன்ன நகை, சேதாரம், திருப்பிக் கொடுத்த எடை, கையெழுத்து. 1971 ஆகஸ்டில் ஒரு வரி: பழைய வளையல் ஒரு ஜதை, 15.850 கிராம், செயின் செய்ய. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் தாத்தா. வாயைத் திறந்தால் சவரனும் குன்றிமணியும்தான் வரும். ஆனால் இந்த நோட்டில் மட்டும் தசமப் புள்ளி வைத்து, மூன்று இலக்கம் எழுதி, ஒவ்வொரு எண்ணையும் நெல்மணி அடுக்கின மாதிரி நிறுத்தியிருக்கிறார்.

“பழைய பேப்பருக்குப் போட்டுறாதே சாமி,” என்றார் அத்தை. “எங்கப்பா இந்த நோட்டுக்குப் பயந்த மாதிரி எமனுக்குக்கூடப் பயந்ததில்லை.”

இந்தப் பதிவு அந்த நோட்டுகளைப் பற்றியது. போர், பொருளாதாரம், அரசு அதிகாரம் என்று எங்கெங்கோ போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்து பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. என் நண்பர்களுக்கு அது ஒரு வேடிக்கை. வருமான வரியும் ஜிஎஸ்டியும் தாக்கல் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன், அரசாங்கம் சுருங்க வேண்டும் என்று பேசினால் சிரிக்கத்தான் செய்வார்கள். “நாளைக்கே வரியை எடுத்துட்டா நீ டீக்கடைதான் வைக்கணும்” என்பான் ஒருவன். உண்மைதான். ஆனால் இந்தக் கருத்து எனக்கு அமெரிக்காவிலிருந்து புத்தகத்தில் வந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது.

1962 அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் படைகள் எல்லையில் பெரிய அளவில் தாக்கின. 26-ஆம் தேதி நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கூடவே இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டமும் வந்தது. நவம்பர் 21-இல் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. மொத்தம் ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்தில் நாட்டுக்கு விழுந்த அடியை இப்போது படிப்பவர்கள் அவ்வளவாக உணர முடியாது. பாதுகாப்பு நிதிக்கு ஊர் ஊராகப் பணமும் நகையும் சேர்ந்தது. எங்கள் பாட்டி தன் கல் வளையல் ஒரு ஜதையைக் கழற்றிக் கொடுத்தாராம். வீட்டில் இருந்த பொன்னில் பாதி அது. தாத்தாவே உட்கார்ந்து கல்லைப் பிரித்து, அழுக்கெடுத்து, எடைபோட்டு, “மூணே முக்கால் சவரன், எழுதிக்குங்க” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். யாரும் கேட்டு வாங்கவில்லை, மிரட்டவும் இல்லை. பாட்டி சாகும்வரை இதைப் பெருமையாகச் சொல்வார்.

அடுத்த ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். போருக்காகப் போட்ட அதே பாதுகாப்பு விதிகளின் கீழேதான் இதுவும். 14 காரட்டுக்கு மேல் மாற்றுள்ள தங்கத்தில் புது நகை செய்யக்கூடாது. நகையாக இல்லாத தங்கம் வைத்திருப்பவர்கள் அரசிடம் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்குச் சொன்ன காரணம் தங்கம் கடத்தி வரப்படுகிறது, அந்நியச் செலாவணி ஒழுகுகிறது, போர்க்காலத்தில் நாடு அதைத் தாங்காது என்பது.

14 காரட் என்றால் என்ன என்று பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். 24-இல் 14 பங்கு பொன், மீதி 10 பங்கு செம்பும் வெள்ளியும். நூற்றுக்கு ஐம்பத்தெட்டுதான் தங்கம். 22 காரட் தங்கத்தை உருக்கி, அடித்து, அச்சுத் தகட்டின் ஓட்டைகளில் பெரிய ஓட்டையிலிருந்து சின்ன ஓட்டைக்கு ஒவ்வொன்றாக இழுத்தால் தலைமுடி மாதிரிக் கம்பி வரும். அந்தக் கம்பியைச் சுற்றித்தான் ஜிமிக்கி, முகப்பு, சரடு எல்லாம். 14 காரட் அப்படி இழுபடாது. நாலு ஓட்டை தாண்டுவதற்குள் விறைத்துக்கொள்ளும், மறுபடி நெருப்பில் காட்டிப் பதப்படுத்த வேண்டும், அவசரப்பட்டால் ஒடியும். பற்றவைக்கப் பொடி வைத்து ஊதும்போது ஒரு நொடி தவறினால் பொடி உருகுவதற்கு முன்னால் நகையே உருகிவிடும், இரண்டுக்கும் சூடு அவ்வளவு பக்கம். செய்து முடித்தாலும் நிறம் ஏறாது, வேர்வை பட்டால் கறுக்கும். மேல்நாட்டில் மோதிரமும் வாட்ச் செயினும் அதில் செய்வார்கள். இங்கே தாலிக்குண்டு செய்யச் சொன்னால்? எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்?

ஒருவரும் வரவில்லை. கல்யாண மாதமான தை பிறந்து பட்டறையில் உமி பற்றவைக்கவில்லை. தாத்தாவுக்கு அப்போது வயது 38, நாலு பிள்ளைகள். அந்த வருடம் நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் பிழைப்பு போய்த் தெருவுக்கு வந்தார்கள். தற்கொலைகள் நடந்தன. பாராளுமன்றத்திலேயே அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எங்கள் சந்தில் இருந்த எட்டுப் பட்டறையில் ஐந்து மூடிவிட்டதாக அத்தை சொல்கிறார். ஒருவர் பம்புசெட் கம்பெனியில் வாட்ச்மேன், ஒருவர் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் போனார். தாத்தா மூன்று மாதம் வெள்ளி மெட்டியும் அரைஞாண் கொடியும் செய்து ஓட்டியிருக்கிறார். என் அப்பாவை அந்தத் தொழிலுக்கே வரவிடவில்லை. மோட்டார் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். ஏழு தலைமுறை என்று சொல்வார்கள், கணக்கு எனக்குத் தெரியாது, எத்தனை தலைமுறையோ அத்தனையும் அந்தத் தையோடு சரி.

பாட்டி சொன்னதாக அத்தை சொன்ன ஒரு வார்த்தை: “கேட்காமயே குடுத்தோம். குடுத்த கையை முறிச்சுப் போட்டாங்க.”

சரி, போர் முடிந்தது. கட்டுப்பாடு?

அதே 1963-இல் மொரார்ஜி பதவி விலகி, டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சரான பிறகு கொஞ்சம் தளர்ந்தது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய நகையை அதே மாற்றில் அழித்துச் செய்யலாம் என்றார்கள். 1966-இல் 14 காரட் விதியே போனது. அத்தோடு நின்றிருந்தால் இந்த நோட்டுகள் இருந்திருக்காது. போருக்காக அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது, ஒரு மாதப் போருக்கு ஐந்து வருடத்துக்கு மேல். நெருக்கடி நிலை போனால் அதை வைத்துப் போட்ட விதிகளும் போக வேண்டும் அல்லவா? மொரார்ஜி மறுபடி நிதியமைச்சராகியிருந்தார். அதே 1968-இல் தங்கக் கட்டுப்பாடு நிரந்தரச் சட்டமானது. வியாபாரிக்கு லைசென்ஸ், பொற்கொல்லருக்குச் சான்றிதழ். தங்கக் கட்டியோ பிஸ்கட்டோ சாதாரண மனிதர் வைத்திருக்கவே கூடாது. சான்றிதழ் உள்ள பொற்கொல்லர் கையில் ஒரே நேரத்தில் 300 கிராமுக்கு மேல் கட்டித் தங்கம் இருக்கக்கூடாது. வந்த ஒவ்வொரு குன்றிமணிக்கும் கணக்கு. அது ஒழிந்தது 1990-இல். ஒரு மாதப் போர், இருபத்தேழு வருடக் கட்டுப்பாடு.

ராபர்ட் ஹிக்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதற்கு ஒரு பெயர் சொல்வார், ராட்செட் என்று. எங்கள் ஊரில் ராட்செட் ஸ்பானர் தெரியாத ஆள் கிடையாது. ஒரு பக்கம் திருப்பினால் இறுகும். மறுபக்கம் திருப்பினால் கடகடவென்று சத்தம் மட்டும் வரும், நட்டு அசையாது. போர் வரும்போதும் நெருக்கடி வரும்போதும் அரசின் அதிகாரம் ஏறுகிறது. முடிந்த பிறகு கொஞ்சம் இறங்குகிறது, ஆனால் பழைய இடத்துக்கு இறங்குவதில்லை. அடுத்த நெருக்கடி அந்த உயரத்திலிருந்து தொடங்குகிறது. அவர் அமெரிக்க வரலாற்றை வைத்துச் சொன்னார். 14 காரட் போய் லைசென்ஸ் தங்கியதைப் பார்த்தால் எங்கள் சந்தில் நடந்ததை வைத்தே சொல்லியிருக்கலாம்.

அமெரிக்காவிலும் இதற்குத் தங்கத்தில்தான் நல்ல கதை இருக்கிறது. முதல் உலகப் போரில், எதிரி நாட்டோடு வியாபாரம் செய்வதைத் தடுக்க 1917-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பதினாறு வருடம் கழித்து, போர் எதுவும் இல்லாத 1933 ஏப்ரலில், அந்தச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்தே அதிபர் ரூஸ்வெல்ட் மக்கள் கையில் இருந்த தங்க நாணயங்களையும் கட்டிகளையும் அரசிடம் ஒப்படைக்கச் சொன்னார். அவுன்ஸுக்கு 20 டாலர் 67 சென்ட் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஜனவரியில் விலையை 35 டாலர் என்று மாற்றினார்கள். வித்தியாசம் யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கர்கள் மறுபடி தங்கக் கட்டி வைத்துக்கொள்ள 1974 டிசம்பர் 31 வரை காத்திருந்தார்கள்.

நம்மூர்ப் பட்டியல் அதைவிட நீளம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1939-இல் உலகப் போருக்காக வந்தது. 1947-இல் சட்டமாகி, 1973-இல் இன்னும் இறுகி, 1999-இல்தான் அந்தச் சட்டத்துக்கு மாற்று வந்தது. கம்பெனி பங்கு வெளியிட அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது 1943-இன் போர் விதி, 1992 வரை இருந்தது. அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் தாத்தாவும் அதே போர்க்காலப் பாதுகாப்பு விதிகளில்தான் இருக்கிறார். இறக்குமதி லைசென்ஸும் அப்படித்தான். எதையும் சோஷலிசம் பேசி யாரும் கொண்டுவரவில்லை. வெள்ளைக்காரன் போர் நடத்தக் கொண்டுவந்தான், நம்மவர்கள் திட்டமிட்ட பொருளாதாரம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

வாடகைக் கட்டுப்பாடும் இந்தப் பட்டியலில் உண்டு. அங்கே எனக்குக் கொஞ்சம் நாக்குத் தடுமாறும். சென்னை மாகாணத்தில் அதுவும் உலகப் போரின்போது வந்தது. போர் முடிந்து, 1946-இல் தனிச் சட்டமாகி, 1960-இல் மறுபடி எழுதப்பட்டு, 2019-இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஓடியது. தாத்தாவின் பட்டறை வாடகை பதினெட்டு ரூபாய். அறுபதுகளில் பதினெட்டு, எண்பதுகளில் பதினெட்டு, மூடுகிறபோது முப்பதோ என்னவோ. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு வயதான அம்மா. மாதம் முதல் தேதி வந்து, பட்டறை வாசலில் உட்கார்ந்து, பாட்டி கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, அந்தப் பதினெட்டு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு போவார். காப்பிக்கும் பாலுக்கும் விலை ஏறியது, அந்த அம்மாவின் வாடகை ஏறவில்லை. மழை பெய்தால் பட்டறை ஒழுகும். ஓடு மாற்றித் தரச் சொல்லித் தாத்தா கேட்டதில்லை, கேட்க முகம் இல்லை. ஒரு போர்ச் சட்டம் எங்களை நசுக்கியதைச் சொல்கிறவன், இன்னொரு போர்ச் சட்டத்தால் எங்கள் வீட்டுக்காரம்மா நசுங்கியதையும் சொல்லத்தானே வேண்டும்.

என் சொந்தப் பிழைப்புக்கும் ஒரு போர்தான் காரணம். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் இந்திய கஜானா காலியானது. அதை நிரப்ப லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் வந்து 1860-இல் வருமான வரி போட்டார். எகானமிஸ்ட் பத்திரிகையைத் தொடங்கியவர், சுதந்திர வணிகத்தின் பெரிய பிரசாரகர், அவர் கையால் இது. ஐந்து வருடத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். அப்போது சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவிலியன். இந்த வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறைத்தாலே போதும் என்று எழுதி, எழுதியதைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். பதவி போயிற்று. திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்தக் கதையைப் படித்த அன்று அவர் பெயரில் ஒரு டீ குடித்தேன். அப்புறம்தான், அயர்லாந்துப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது நிவாரணத்தை இறுக்கிப் பிடித்ததும் இதே ஆள் என்று நினைவு வந்தது. எங்கள் கட்சிக்குச் சாமி படம் மாட்ட ஆள் கிடைப்பது கஷ்டம்.

வரி 1865-இல் காலாவதியானது. பிறகு வேறு வேறு பெயரில் வந்து போய், 1886-இல் நிலையாக உட்கார்ந்தது. முதல் உலகப் போரில் அதன் மேல் சூப்பர் டாக்ஸ். ஜூலை மாதம் என் ஆபீஸ் வாசலில் நிற்கிற செருப்புகளை எண்ணும்போது வில்சனை நினைத்துக்கொள்வேன்.

தங்கத்துக்கு வருகிறேன். கட்டுப்பாடு கடத்தலை நிறுத்தியதா? அந்தக் காலத்தில் உலக விலை அவுன்ஸ் 35 டாலர் என்று கட்டிவைத்திருந்தது. டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா. கணக்குப் போட்டால் பத்து கிராம் ஐம்பத்து மூன்றரை ரூபாய். பம்பாய்ச் சந்தையில் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடையில் இருப்பது கடல். இப்படி ஒரு லாபத்தை அரபிக்கடலின் நடுவில் வைத்துவிட்டு, யாரும் எடுக்காதீர்கள் என்றால்? துபாயிலிருந்து பத்துத் தோலா பிஸ்கட்டுகள் படகில் வந்தன. நம்ம ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன ஹாஜி மஸ்தான் எப்படிப் பெரிய ஆளானார்? வீரத்தால் என்று ஜனங்கள் கதை சொல்வார்கள். அவருடைய மூலதனம் அந்த விலை வித்தியாசம். அதை உண்டாக்கிக் கொடுத்தது சட்டம். பிறகு அவரைப் பிடிக்க விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும் சட்டம் வேண்டியிருந்தது. 1974-இல் கொஃபெபோசா வந்தது. ஒரு கட்டுப்பாடு குட்டி போட்டது.

ஒரு பக்கம் மஸ்தான்கள், இன்னொரு பக்கம் என் தாத்தா மாதிரி ஆட்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம் மூன்று பேர் பட்டறைக்குச் சோதனைக்கு வந்தார்களாம். நோட்டை வைத்துக்கொண்டு, இருக்கிற பொன்னையெல்லாம் எடை போட்டார்கள். ஒன்றே கால் கிராம் குறைந்தது. எங்கே என்று கேட்டார்கள்.

அது எங்கே இருக்கும் என்று எந்தப் பத்தருக்கும் தெரியும். அரம் போடும்போது தெறித்தது, மூசையில் ஒட்டியது, உமிச் சாம்பலில் விழுந்தது, வேட்டி மடிப்பில் போனது. அதனால்தான் பட்டறைக் குப்பையைக் கூட்டி எறியமாட்டார்கள், சேர்த்துவைப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை அரிப்புக்காரர் வந்து, அந்த மண்ணை விலைக்கு எடுத்துப்போய்த் தண்ணீரில் அரித்துப் பொன் எடுப்பார். வாசல் சாக்கடையைக்கூட அரிப்பார்கள். அந்த நோட்டில் தேதிக்குப் பத்தி உண்டு, சேதாரத்துக்குப் பத்தி உண்டு, தரை மண்ணுக்குப் பத்தி கிடையாது. டில்லியில் உட்கார்ந்து பத்தி பிரித்தவருக்குப் பட்டறைத் தரை எப்படித் தெரியும்? ஹாயெக் என்ற பொருளாதார அறிஞர் இதைத்தான் சொன்னார், ஊரெங்கும் சிதறிக் கிடக்கிற அறிவை ஒரு மேசைக்குக் கொண்டுவர முடியாது என்று. தாத்தாவைக் கேட்டிருந்தால் சாக்கடையைக் காட்டியிருப்பார்.

தாத்தா சாம்பலை அரித்துக் காட்டுவதாகச் சொல்லியும் கேட்காமல் எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் அலைந்து அபராதம் கட்டினார். சோதனை நடந்த அன்றைக்கு ராத்திரி சோறு சாப்பிடும்போது பாட்டியிடம், “அவங்க செருப்புலயும் கொஞ்சம் ஒட்டிட்டுப் போயிருக்கும், அதை யாரு எழுதறது?” என்றாராம். அவர் சொன்ன ஒரே அரசியல் கருத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் இதையெல்லாம் எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் இல்லை. ராஜாஜி தன் எண்பது வயதில், 1959-இல், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம் என்ற வசவு அவர் கொடுத்தது. 1967 தேர்தலில் அந்தக் கட்சி 44 இடம் பிடித்து மக்களவையில் எதிர்க்கட்சிகளில் பெரியதாக உட்கார்ந்தது. பேச்சு மட்டும் இல்லை. 1952-இல் முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை ஒரே போடாக எடுத்தவர் அவர். ஆனால் அதே ராஜாஜிதான் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி போட்டார், நாட்டிலேயே முதல் தடவையாக. இந்தி எதிர்ப்பாளர்களை உள்ளே தள்ளக் காலனி ஆட்சியின் சட்டத்தையே எடுத்துப் பயன்படுத்தினார். இன்றைக்கு நான் தாக்கல் செய்கிற ஜிஎஸ்டிக்கும் கொள்ளுத்தாத்தா அவர்தான். நாற்காலியில் இருக்கும்போது ஒரு ராஜாஜி, எதிரில் நிற்கும்போது ஒரு ராஜாஜி. நான் இரண்டாவது ஆளின் ரசிகன். முதல் ஆளிடம் மாட்டியவர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கும்.

என் நண்பன் ஒருவன், தொழிற்சங்கக்காரன், இந்தக் கதையை எல்லாம் கேட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்டான். “சீனாக்காரன் வந்தப்ப அரசாங்கம் கையைக் கட்டிட்டு இருக்கணுமா?” என்பது ஒன்று. கூடாதுதான். நான் போலீசும் ராணுவமும் வேண்டாம் என்கிற ஆள் இல்லை. ஆனால் சீன எல்லையோரத் தவாங்கில் துப்பாக்கி இல்லாததற்கும் ராஜ வீதியில் ஜிமிக்கி செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது சொல்ல வேண்டும். போர் என்ற வார்த்தையைச் சொன்னதும் அந்தக் கேள்வியைக் கேட்பதே தேசத்துரோகம் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த மௌனத்தில்தான் கட்டுப்பாடுகள் உள்ளே நுழைகின்றன.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கடினம். “உன் தாத்தா யோக்கியர், சரி. எல்லாப் பத்தரும் அப்படியா?” தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று எங்களைப் பற்றித்தான் பழமொழி. 22 என்று சொல்லி 18 கொடுத்த கடைகள் எத்தனையோ. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானபோது நான் வழக்கம்போல் எதிர்த்து எழுதினேன். பிறகு என் மகளுக்குக் கம்மல் வாங்கப் போனபோது அந்த ஆறு இலக்க முத்திரைக் குறியீட்டை போனில் சரிபார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். கடைக்காரரின் உரைகல்லை நான் நம்பவில்லை. முத்திரை வேண்டும், ஆனால் அதைக் கட்டாயமாக்கத் தேவையில்லை, நல்ல கடைகள் தாமாகவே போட்டுக்கொள்ளும் என்று இப்போதும் வாதாடுவேன். வாதாடும்போது முன்பிருந்த வேகம் இல்லை.

1990-இல் சட்டம் ஒழிந்த அடுத்த வருடம் ஒரு வேடிக்கை நடந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்தது. வீட்டுக் கஷ்டத்துக்குப் பொன்னை அடகு வைப்பது எங்கள் தெருவில் எல்லோரும் செய்கிற காரியம். தங்கக் கட்டி வைத்திருப்பது குற்றம் என்று இருபத்திரண்டு வருடம் சட்டம் வைத்திருந்தவர்கள் கடைசியில் கட்டியைத்தான் நம்பினார்கள். அன்றைக்குச் செய்தி கேட்டுத் தாத்தா என்ன சொன்னார் என்று அத்தையிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். சேட்டுக் கடையில் வட்டி எவ்வளவு, வெள்ளைக்காரன் எவ்வளவு வாங்கறான் என்று மட்டும் கேட்டாராம்.

நோட்டுகளை வரிசைப்படுத்தி அடுக்கும்போதுதான் கவனித்தேன். 1990-இல் சட்டம் போனது. எட்டாவது நோட்டு 1990-இல் முடிகிறது. அதற்குப் பிறகும் மூன்று நோட்டு. 91, 92, 95. அதே கோடு, அதே பத்திகள், அதே மூன்று இலக்கத் தசமம். யாரும் கேட்காத கணக்கை எட்டு வருடம் எழுதியிருக்கிறார்.

“அப்பாகிட்ட நானே சொன்னேன், அந்தச் சட்டமெல்லாம் போயிருச்சுப்பான்னு,” என்றார் அத்தை. “போகட்டும், நோட்டு இருக்கட்டும்னாரு.”

கடைசி நோட்டின் கடைசி வரி 1998 மார்ச். ஒற்றைக்கல் மூக்குத்தி, திருகு மாற்ற. வாங்கியது 0.420. சேதாரம் இல்லை. கொடுத்தது 0.420. கையெழுத்துப் பத்தியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தேன்.

“ஆமாண்டா,” என்றார். “பெத்த மக மூக்குத்திக்கும் கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுத்தாரு.”